வட்டத்தில் ஒரு கையெழுத்து

ரந்தாவ் டவுனுக்கு அப்பால், எண்ணெய்ச் செம்பனை மரங்களுக்கு நடுவே, தோட்டம் கைமாறியபோது பழைய தொழிலாளர்களுக்கென்று விட்டுக்கொடுத்த இரண்டு வரிசை வீடுகள் இருக்கின்றன. பாதி கல், பாதி பலகை. அதில் ஒன்று என்னுடையது. பக்கத்து வீடு அக்காவுடையது. கூடப் பிறந்தவர் இல்லை. ஆனால் முப்பது வருடமாக அவர் வீட்டுக் குழம்பு வாசம் வந்த பிறகுதான் என் மனைவி அடுப்பைப் பற்றவைப்பாள் என்கிற அளவுக்கு அக்கா. கணவர் இறந்து நாளாகிவிட்டது. மகள் பட்டணத்தில், தெமியாங்கில், நாலாம் மாடியில் வாடகைக்கு இருக்கிறாள். அங்கே வந்துவிடச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அக்காவுக்கு முட்டி வலி. "அந்த மாடிக்கு ஏறுனா, அப்புறம் நான் இறங்கறது பொட்டியிலதான் தம்பி" என்பார்.

யாராவது இப்படிச் சுருக்கென்று ஒன்று சொன்னால் அதை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். செம்பனை லாரி ஓட்டிய காலத்தில், ஆலையில் வரிசை நகரக் காத்திருந்த நேரங்களில் பழைய பத்திரிகைகளைப் படித்துத்தான் தமிழும் மலாயும் எழுதப் பழகினேன். அதனால் எங்கள் வரிசையில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்.

போன மழைக்காலத்தில், காலையில் பசியாறும் நேரத்தில் ஆற்று நீர் உள்ளே வந்தது. ரொட்டியை டீயில் தோய்த்த கையோடு ஓடினோம். கடைசி வீட்டில் தங்கி, செம்பனைக் குலை வெட்டும் பங்களாதேஷ்காரர் அக்காவை முதுகில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். "எம் புருஷன்கூட என்னய இப்படித் தூக்கலப்பா" என்று அந்த நிலைமையிலும் அக்கா சொன்னார். அவருக்குத் தமிழ் புரியவில்லை, சிரித்தார். எங்கள் முதுகுக்குப் பின்னால் அக்கா வீட்டு அடுப்படிச் சுவர் அப்படியே படுத்தது.

தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் ஐந்து நாள் இருந்தோம். வாசலிலேயே எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு ஒரு பாய். மெத்தை வரும் என்றார்கள், மூன்று நாளாகியும் வரவில்லை. அந்த நாட்களில்தான் எங்கோ ஒரு தூர தேசத்தில் நிலநடுக்கம். எங்கள் அரசாங்கம் விமானத்தில் கூடாரமும் போர்வையும் ஏற்றி அனுப்புவதைக் கைப்பேசியில் காட்டினார்கள். அடுக்கி வைத்த புதுப் போர்வைகள், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மண்டபமே அந்தச் சின்னத் திரையைச் சுற்றி நின்றது.

எங்கள் வரிசையில் முன்பு மண்டோராக இருந்து வேலை வாங்கியவர் ஒருவர் இருக்கிறார். வேலை போனாலும் பெயர் போகவில்லை, இன்றும் மண்டோர்தான். அவர் சொன்னார்: "நல்லா பாத்துக்குங்கலா. அவங்களுக்குப் ப்ளேன்ல போவுது. நமக்கு லோரியில வர்றதுக்கு ரோடு சரியில்லயாம்."

"அங்க வீடு இடிஞ்சு பிள்ளைங்க அடியில கெடக்குது. ஒரு போர்வை அனுப்புனா ஒனக்கு வயிறு எரியுதா?" என்றார் அக்கா.

"எரியுதுக்கா. பட்டினி கெடக்குற வயிறுல்ல, அதான் எரியுது."

"நீ பட்டினியா? காலையில ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் முழுங்குன ஆளு எவன்?"

மண்டபம் சிரித்தது. மண்டோரும் சிரித்தார். ஆனால் எனக்கு உள்ளே சிரிப்பு வரவில்லை. விமானம் முதல் நாளே கிளம்பிவிட்டது, எங்கள் மெத்தை லாரி நாலாம் நாள்தான் வந்தது. இதில் என்ன நியாயம் என்று யோசித்தேன். நாட்டுக்குப் பெரிய மனசு வேண்டும், வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் பெரிய மனசு படம் பிடிக்கிற இடத்தில் மட்டும் இருந்தால் எப்படி? இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்தக் கேள்வி தப்பான கேள்வி இல்லை.

தப்பு, நான் எழுதிய பதிலில் இருந்தது.

தண்ணீர் வடிந்த வாரம் மனு எழுதினேன். மலாயில் எழுதி, மண்டபத்தில் எல்லாருக்கும் தமிழில் படித்துக் காட்டினேன். "வெளிநாட்டுக்கு உதவுவதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் அரசாங்கத்தின் உதவி முதலில் வாக்களிக்கும் குடிமக்களுக்குச் சேர வேண்டும். அதன் பிறகே மற்றவர்களுக்கு." இந்த வரியை இரண்டு முறை படித்தேன். கை தட்டினார்கள். "தம்பி கொட்டு கொட்டுன்னு கொட்டிட்டாப்ல" என்றார் மண்டோர்.

எங்கள் தோட்டத்தில் மனுவில் வரிசையாகக் கையெழுத்துப் போடுவதில்லை. தொழிலாளர் சங்கம் வைத்த காலத்தில், முதல் பெயர் எவனுடையதோ அவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. அதனால் தாளின்மேல் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து, சுற்றிக் கோடு இழுத்து, கோட்டைச் சுற்றிப் பெயர் போடுவார்கள். யார் ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது பயப்படுவதற்குத் துரையும் இல்லை, கணக்கெழுதும் கிராணியும் இல்லை. ஆனாலும் தட்டைக் கவிழ்க்காமல் எங்களுக்குக் கை வராது.

எல்லாரும் போட்ட பிறகு அக்கா வந்தார். பேனாவை வாங்கி, தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க போடறது?"

"எங்க வேணும்னாலும் போடுங்கக்கா. வட்டத்துல முதலும் கெடயாது, கடைசியும் கெடயாது."

போட்டார். ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி, அழகாக.

சில வாரம் கழித்து, அரசாங்கம் பழுதுபார்த்துக் கொடுக்கப்போகும் வீடுகளின் பட்டியலைப் பொது மண்டபச் சுவரில் ஒட்டினார்கள். என் வீடு இருந்தது. எனக்குப் போனது ஒரு கதவுதான். மண்டோர் வீடு இருந்தது. சுவரே விழுந்த அக்கா வீடு இல்லை.

எழுதும்போது விட்டிருப்பார்கள் என்று நினைத்து, சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, மோட்டாரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். இளம் மலாய்ப் பெண் அதிகாரி. உட்காரச் சொன்னாள், பாக்சிக் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள். கணினியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விட்டுப்போகவில்லை பாக்சிக். இவர் சிவப்பு அட்டை. வீட்டுப் பழுதுக்கு நீல அட்டைக்காரர்களுக்கு முதலில். மிச்சம் இருந்தால் மற்றவர்களுக்கு."

நீல அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு, இங்கேயே நிரந்தரமாக இருக்கலாம் ஆனால் குடிமகன் இல்லை என்பவர்களுக்கு. அக்கா, வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இந்தத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர். நான் பிறந்த அதே லயத்து வீட்டு வரிசையில் எனக்கு முன்னால் பிறந்தவர். "இருக்காதும்மா, நல்லாப் பாருங்க" என்றேன்.

அவள் கோப்பைத் திறந்து காட்டினாள். அட்டையின் நகல். சிவப்பு, நகலில் கறுப்பாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், என் மனு. "பள்ளி வாசலில் எடுத்த பட்டியலில் இவர் பெயர் இருந்தது. பிறகு பல இடத்திலிருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் வந்தன. மேலிடத்தில் படித்துவிட்டு இப்படிப் பிரிக்கச் சொன்னார்கள். நீங்கள் கேட்டதுதானே?" விரலை வட்டத்தில் ஓட்டி நிறுத்தினாள். "இவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறாரே."

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஒவ்வொரு தேர்தலன்றும் அக்கா சொல்வார்: "நீங்கள்லாம் போய்ட்டு வாங்க. பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன். நான் கூட்டம் கொறஞ்ச பெறவு போய்க்கறேன்." நாங்கள் விரலில் மையோடு திரும்பும்போது பிள்ளைகள் சாப்பிட்டுத் தூங்கியிருப்பார்கள். எத்தனை தேர்தல். அக்கா விரலில் மை இருக்கிறதா என்று நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பிறருடைய பேச்சையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துவைக்கிற எனக்கு, அடுத்த வீட்டு விரல் கண்ணில் படவில்லை.

அக்கா அடுப்படியில் இருந்தார். சுவர் இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய். சொன்னேன். குழம்பைக் கிண்டுவதை நிறுத்தவில்லை.

"தெரிஞ்சுக்கிட்டே ஏன்க்கா போட்டீங்க? நான் படிச்சனே, காது கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. போடாட்டி ஏன்னு கேப்பீங்க. அத்தன பேரு முன்னால என்னா சொல்றது? அப்பா பொறப்புப் பதியாம வுட்டுட்டாரு, நீல அட்டைக்கு எழுதிப் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சு போச்சுன்னா?" பிறகு, கொஞ்சம் கழித்து: "நல்லாத்தான் எழுதியிருந்த தம்பி. நெசமாவே நல்லா இருந்துச்சு."

திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

அன்று மாலை கடையில் மண்டோர் கேட்டார், அக்கா வீடு ஏன் பட்டியலில் இல்லை என்று. எழுத்துப் பிழை என்றேன். "பிழையாவது. அக்கா செவுரு ப்ளேன்ல ஏறிப் போயிருக்கும்லா" என்றார். கடையில் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சுவர் எந்த விமானத்திலும் போகவில்லை, என் பேனாவில்தான் போனது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அக்காவின் அட்டையையும் சொல்ல வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுபடி எழுதுவதாகச் சொன்னேன். அக்கா மூன்று நாள் யோசித்து, பிளாஸ்டிக்கில் சுற்றிய அட்டையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "தட்டு வைக்காத. யாருக்கும் படிச்சுக் காட்டாத. நீ மட்டும் எழுது, நீ மட்டும் போடு."

என் வாழ்நாளில் ஒற்றைக் கையெழுத்தோடு நான் எழுதிய முதல் மனு அது. பழைய வரிக்கு நானே எதிர்வரி எழுத வேண்டியிருந்தது. முன்பு குடிமக்கள் என்று எழுதிய இடத்தில், வெள்ளம் புகுந்த வீட்டில் இருப்பவர்கள் என்று எழுதினேன். அப்படியென்றால் கடைசி வீட்டுப் பங்களாதேஷ்காரரும் அதில் வருவாரா என்று என்னை நானே கேட்டேன். வருவார்தான். அவர் மெத்தையும்தான் நனைந்தது. முதல் மனுவில் அவரை நினைத்துப் பார்க்கவே இல்லை. எங்கள் மண்டோருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அவருக்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. பரிசீலனையில் இருக்கிறது, முன்னறிவிப்பின்றி ஆள் வந்து பார்ப்பார், வீட்டில் ஆள் குடியிருக்க வேண்டும், பூட்டிய வீட்டுக்கு உதவி கிடையாது. அதற்குள் மறுபடி மழை ஆரம்பித்துவிட்டது. தார்ப்பாய் கிழிந்து சாரல் அடுப்பில் விழுந்தது. அக்காவுக்கு இருமல் நிற்கவில்லை. ஒரு சனிக்கிழமை மகள் காரோடு வந்தாள். அக்கா ஒரு பை நிறையத் துணியை மட்டும் எடுத்துக்கொண்டார். மிச்சத்தை அப்படியே விட்டார்.

சாவியை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "செவுரு வந்தா சொல்லு தம்பி. எறங்கி வந்துர்றேன்."

இதை எழுதட்டுமா என்று போனவாரம் தொலைபேசியில் கேட்டேன். "பேர் போடாத. படிக்கிறவன் படிச்சுக்கட்டும். நேர்ல வந்து என்னயக் கேக்காம இருந்தா போதும்" என்றார். பின்னால் நாலாம் மாடிக் காற்று சத்தமாகக் கேட்டது.

வீட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்க்க வருகிறவர் இன்னும் வரவில்லை. தினமும் காலையில் என் மனைவி அக்காவின் இரண்டு கைலியை நனைத்துப் பிழிந்து, அக்கா வீட்டுக் கொடியில் காயப் போடுகிறாள். நான் அடுப்படி விளக்கைப் போட்டு வைக்கிறேன். மழை வந்தால் ஓடிப் போய்த் துணியை எடுக்கிறோம், நின்றதும் மறுபடி போடுகிறோம். சாயம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது.