சர்க்கரை எங்கே போகிறது?

கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் கேக்கைவிட ஒயினுக்குத்தான் மவுசு. நவம்பர் கடைசியில் திண்டிவனம் மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சை வாங்கி, கழுவி உலர்த்தி, கையால் பிசைந்து, சர்க்கரையும் கொஞ்சம் கோதுமையும் ஈஸ்ட்டும் சேர்த்து ஊறுகாய் ஜாடியில் போட்டு, வாயைத் துணியால் கட்டிவிடுவேன். பண்டிகையன்று யார் வந்தாலும் சின்னக் கண்ணாடி டம்ளரில் நீட்டுவோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்த மனஸ்தாபம் ஈஸ்டர் வரைக்கும் ஓடும்.

"இது சரக்காங்க?" என்று எதிர்வீட்டம்மா வருடம் தவறாமல் கேட்பார்.

"சேச்சே, பழச்சாறுங்க. ரத்தம் ஊறும்" என்பேன். எனக்கு எப்படித் தெரியும்? எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன்.

போன வருடம் அந்தக் கேள்வி என்னையே பிடித்துக்கொண்டது. விழுப்புரத்தில் இருக்கும் என் தம்பி அந்த வருடம்தான் குடியை விட்டிருந்தான். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து, தினம் மாத்திரை சாப்பிட்டு, முகமே தெளிந்திருந்தது. பண்டிகைக்கு வருவான். அவனுக்கு இதைக் கொடுக்கலாமா?

தினமும் காலையில் மரக்கரண்டியால் கிளறும்போது ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். முதலில் பாகு மாதிரி தித்தித்தது. போகப்போகத் தித்திப்பு குறைந்து ஒரு சுருக்கு ஏறியது. ஜாடியில் காதை வைத்தால் உள்ளே நுரை பொரிகிற சத்தம். ஒரு எறும்புகூட உள்ளே போகவில்லை, நான் அள்ளிக் கொட்டிய சர்க்கரை மட்டும் எங்கே போகிறது?

தம்பிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவன் மாத்திரை வாங்கப் போன நேரம் பார்த்து டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"ஈஸ்ட்டு அந்தச் சர்க்கரையைத் தின்னுட்டு ஆல்கஹாலா மாத்திடும்மா. வீட்ல செஞ்சா மட்டும் வேற ஆயிடுமா? ரத்தமும் ஊறாது. இந்த மாத்திரை போடறவருக்கு ஒரு வாய் உள்ள போனாலும் ஆபத்து."

திரும்பி வரும் வழியெல்லாம் இதே யோசனை. எல்லோருக்கும் நீட்டிவிட்டு அவனை மட்டும் விட்டால் அத்தனை கண்ணும் அவன்மேல் விழும். தனியாக ஜூஸ் கொடுத்தால் அதைவிடக் கேவலம். அவன் எழுந்து விழுப்புரம் பஸ் ஏறிவிடுவான், அப்புறம் எங்கே போய் உட்காருவான் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஜாடியைத் தோட்டத்தில் கவிழ்த்தேன். மனசு கேட்கவே இல்லை, இருந்தாலும் கவிழ்த்தேன். பண்டிகைக்கு முதல் நாள் புதுத் திராட்சையைப் பட்டை கிராம்போடு கொதிக்கவைத்து, வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்தேன். அதே நிறம். யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் அதுதான். பெரியப்பா ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "இந்த வருசம் செம ஸ்ட்ராங்கும்மா. தலை கிர்ருங்குது."

தம்பி டம்ளரை வாங்கவே யோசித்தான். "குடிடா" என்றேன். என் முகத்தைப் பார்த்தான். மெதுவாக ஒரு வாய் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். அப்புறம் அடுப்படிவரை என் பின்னாலேயே வந்தான்.

"இத்தினி வருசமா உன் ஒயினக் குடிச்சிக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதாக்கா?"

திரும்பிப் பார்த்தேன். அவன் கண் கலங்கியிருந்தது.

"பெரியப்பாகிட்ட சொல்லிடாத, பாவம்" என்று டம்ளரை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊத்து."