சோறு வைத்த வீட்டு நாய்

"லயத்துப் புள்ள சட்டம் பேசுதா? பேசு, கேப்போம்" என்றார் தேயிலைத் தோட்டத்துக் கிளாக்கர். ஆபீஸ் வாசலில் அப்பா தலைத்துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதால் என்னையும் அழைத்து வந்திருந்தார். நானும் நிமிர்ந்துதான் நின்றேன்.

முதல் நாள் சாயங்காலம் மேல் லயத்து வரிசை வீட்டுச் சிறுமியை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அது பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் வளர்த்த நாய். இந்தியாவுக்கே ஒரேயடியாகக் கப்பல் ஏறப் போனவர்கள் சங்கிலியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அம்மா மிச்சச் சோறு வைத்தாள். நாய் எங்கள் இஸ்தோப்புத் திண்ணையிலேயே படுத்துக்கொண்டது. அதைக் கட்டிப்போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அது கப்பலேறிப் போனவங்க நாய்ங்கய்யா" என்றார் அப்பா.

"அப்ப ராமேஸ்வரத்துல இருந்து அவங்கள வரச் சொல்லவா? எவன் வீட்டுல கெடக்குதோ அவன்தான் சொந்தக்காரன். அதான் சட்டம். நாயப் பதிஞ்சியா? கட்டிப்போட்டியா?"

அவர் சொன்னது சரி.

"சரிங்கய்யா, எங்க நாய்தான்" என்றேன். "ஆனா அதக் கொன்றாதீங்க. பத்து நாள் கட்டிவச்சுப் பாக்கணும். அதுக்குள்ள வெறி நோவு தெரியலேன்னா அந்தப் புள்ள பொழச்சிரும்."

"கடிச்சதுக்கு விருந்து வைக்கணுமாக்கும்!" என்று கிளாக்கர் சிரித்தார்.

நாங்கள் ஏற்றத்தில் பாதி வருவதற்குள் துப்பாக்கி வெடிச் சத்தம் கேட்டது. சிறுமியின் அப்பாவே தோட்டத்துக் காவல்காரரைக் கூட்டி வந்திருந்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது லயத்தார் நாயைக் குழியில் போட்டு மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அதற்கு அந்த விசர் நோய் இருந்ததா என்று இனி யாரால் சொல்ல முடியும்? நான் சொல்லச் சொல்ல, சிறுமியின் அம்மா என்னை வெறித்துப் பார்த்தாள்.

"அதான் செத்துப்போச்சே தங்கச்சி, இன்னும் என்னா?"

"இனிமேத்தான்க்கா எல்லா ஊசியும் போடணும். தொப்புளச் சுத்தி, தெனமும்."

"தெனமும் பதுளை ஆஸ்பத்திரிக்கா? எனக்குப் பேரு விழாதே, சம்பளம் போயிருமே. நீங்கதான சோறு போட்டீங்க!"

அப்பா மலைக்கு வேலைக்குப் போகாவிட்டால் எங்களுக்கும் அதே கதிதான்.

ஊசி முடியும்வரை வரமாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் முதல் பஸ்ஸில், பசித்து அழுத அந்தச் சிறுமியை மடியில் வைத்துக்கொண்டு பதுளைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.