கொதித்துக்கொண்டே இருந்த பால்புட்டி

1930களில், ஆம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, தினமும் காலையில் ஒரு அம்மாள் வருவார். ஒடிசலான உருவம், தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் சாயம் ஏறிய விரல்கள். தோல் கிடங்கை ஒட்டிய தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது என்று, பால்புட்டியை எங்கள் சமையற்கட்டில் கொதிக்க வைப்பார். எடுத்து முகர்ந்து பார்த்து, தோல் வாடை போகவில்லை என்று மறுபடியும் போடுவார்.

ஆறு மாதம் பார்த்துவிட்டுச் சொன்னேன். "ஒரு வயசு ஆயிட்டா கொதிக்க வெக்க வேணாம்மா. நல்லா கழுவினா போதும்."

"அவனுக்கு நாலு மாசந்தான் நர்ஸம்மா. இன்னும் பல்லுகூட மொளைக்கல."

புதிய ரப்பர் காம்பு ஒன்றை என்னிடம் வாங்கி மாட்டிக்கொண்டு, பழையதை வைத்துவிட்டுப் போனார்.

சமையற்காரர் மெதுவாகச் சொன்னார். "அந்தக் கொழந்த நாலு மாசத்துல பேதியில போயி ஒம்பது வருஷம் ஆவுது. கெணத்துத் தண்ணியில புட்டி கழுவினதாலதான்னு யாரோ சொல்லிட்டாங்க."

போன மாதம் நானே கொடுத்திருந்த அந்தப் பழைய காம்பை எறிவதற்காக எடுத்தேன். அதன் நுனியில் இரண்டு சின்னப் பற்கள் கடித்த தடம் இருந்தது.

மறுநாள் அவர் வருவதற்கு முன்பே, புட்டிக்குத் தண்ணீரை நானே கொதிக்க வைத்திருந்தேன்.