வெள்ளைப் பூவும் நீலப் புகையும்

சாமி வாக்கைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயந்து, பல வருஷமாக இதை எழுதாமல் இருந்தேன்.

பல்லடத்தில் ஒரு பழைய டீசல் வேன் விலைக்கு வந்தது. எங்கள் வழக்கப்படி குலதெய்வத்திடம் பூ கேட்டோம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் முன் போட்டு, ஒன்றை எடுப்போம். எடுத்த பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தது, அம்மனுக்குச் சம்மதம். வேனைப் பார்க்கப் போனால் பின்னால் நீலமாகப் புகை வந்தது.

"ஏனுங்க, இதென்னங்க புகை?" என்றேன்.

"ஆத்தாளே குடுத்துப்போட்டா, நீ என்ன அம்மணி மெக்கானிக்கா?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். வாங்கிவிட்டோம்.

ஒருநாள் குழந்தைகளோடு சோமனூர் தாண்டும்போது எஞ்சின் தானாக அலறத் தொடங்கியது. பின்னால் சாலையே தெரியாத அளவுக்குப் புகை. அவர் எப்படியோ வேனை ஓரங்கட்டினார்.

"சாவியத் திருப்பியும் அணைய மாட்டேங்குது! எறங்குங்க, ஓடுங்க!" என்று கத்தினார்.

குழந்தைகளை இழுத்துக்கொண்டு, "ஆத்தா, அவரைக் காப்பாத்து" என்று அழுதபடி ஓடினேன். அவர் பிரேக்கை அழுத்தி மிதித்து, டாப் கியரில் போட்டுக் கிளச்சை விட்டதும் வேன் குலுங்கி எஞ்சின் நின்றது.

"டீசலுக்குப் பதிலா எஞ்சின் ஆயிலையே குடிச்சு ஓடியிருக்குதுங்க, அதான் சாவியத் திருப்பியும் அணையல. அந்த நீலப் புகை அதுதானுங்க" என்றார் மெக்கானிக்.

இப்போதும் பூ கேட்கிறோம். பழைய வண்டியென்றால், எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிப் புகையையும் பார்க்கிறோம். நீலம் தெரிந்தால் திரும்பிவிடுவோம். அன்று என்னைக் கேள்வி கேட்க வைத்ததும் அம்மன்தான் என்று நம்புகிறேன்.

இதை யாரிடம் சொன்னாலும் பூவையும் சொல்லுங்கள், புகையையும் சொல்லுங்கள். எதையும் மாற்றிவிடாதீர்கள்.