தோளுக்கு மேலே தள்ளிய தாயத்து

எக்ஸ்ரே படம் கழுவும் அந்த இருட்டறையைக் கட்டியவனை என் கையில் தந்தால் நாலு அறை விடுவேன். ஜன்னலே இல்லை. திருகோணமலைத் துறைமுகக் காற்று ஊருக்கெல்லாம் வீசும், அதற்குள் மட்டும் வராது. படத்தை மருந்தில் போட்டுவிட்டால் கதவையும் திறக்க முடியாது.

அன்று மத்தியானம் மூதூரிலிருந்து லாஞ்சுப் படகில் வந்த ஒரு தாயின் மூன்று நாள் பிள்ளைக்குக் கடும் மஞ்சள்காமாலை. இரத்தம் மாற்றுவதற்காக டொக்டர் தொப்புள் வழியே மெல்லிய குழாய் ஒன்றை ஏற்றியிருந்தார். அதன் நுனி இதயத்துக்குக் கிட்ட நிற்க வேண்டும். ஈரலுக்குள் திரும்பியிருந்தால் ஏற்றுகிற இரத்தமே உயிருக்கு உலை வைத்துவிடும். அதைப் பார்க்கத்தான் படம்.

பிள்ளையின் கழுத்தில் நீளக் கயிற்றில் ஒரு பித்தளைத் தாயத்து.

"அண்ணை, அதைக் கழட்டுங்கோ" என்றாள் தாதி, எக்ஸ்ரே எடுக்க நின்ற என்னிடம்.

"கழட்டிராதீங்க, ஓதிக் கட்டினது. இதுக்கு முந்தி ரெண்டு புள்ள மௌத்தாப் போச்சு" என்று தாய் அழுதாள். எனக்கு மனம் கேட்கவில்லை. பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "தோளுக்கு மேலே தள்ளிவிட்டாச் சரிதானே" என்று அதைத் தள்ளிவிட்டேன்.

சிவப்பு வெளிச்சத்தில் படம் தெளிந்தது. ஐயோ! பிள்ளை உதறியதில் தாயத்துச் சறுக்கி, குழாயின் நுனியை மறைத்துக்கொண்டு வெள்ளையாகக் கிடந்தது. வெளியே டொக்டர் கதவைத் தட்டினார்.

"என்னப்பா, முடிஞ்சுதோ? பிள்ளை சோருது."

வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஓடவும் வழியில்லை, ஒளிக்கவும் வழியில்லை. படம் மருந்தை விட்டு வரும்வரை என் மடத்தனத்தோடு அந்தப் பெட்டிக்குள் நின்றேன்.

படத்தைப் பார்த்ததும் டொக்டர் தாதி மேல் எரிந்து விழுந்தார். "பிள்ளையை ஆயத்தப்படுத்திறது உம்முடைய வேலையெல்லோ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொல்லியிருக்க வேண்டும். கயிற்றை அறுத்துவிட்டு இரண்டாவது படம் எடுத்தேன். நுனி ஈரலுக்குள்தான் இருந்தது. டொக்டர் குழாயை ஈரலை விட்டு வெளியே வரும்வரை இழுத்து, அவசரத்துக்கு அங்கேயே வைத்து இரத்தம் மாற்றினார். பிள்ளை தப்பியது.

வீட்டுக்குப் போகும் நாள், தாய் புதுக் கயிற்றோடு தாயத்தை என்னிடம் நீட்டினாள். "உங்கட கையாலயே கட்டி விடுங்க."

நான் தயங்கினேன். பக்கத்தில் நின்ற தாதி குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "கட்டுங்கோ அண்ணை. அதை எங்கை தள்ளி வைக்கிறதெண்டு உங்களுக்குத்தானே தெரியும்."

கட்டினேன். டொக்டர் இடமாற்றம் கிடைத்துப் போகும்வரை அவரிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.