வேண்டாம் என்ற கோழி

எழுபதுகளின் கடைசியில் ஜவ்வாது மலையடிவாரத்தில் நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தபோது மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. புதிய கான்ஸ்டபிள்களுக்கு மலைமக்களின் நம்பிக்கையைப் பெறும் விதத்தைக் கற்றுத்தர வேண்டுமாம். கற்றுத்தர வேண்டியவன் நான். எனக்கு யார் கற்றுத்தந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

நான்கு பேர் வந்தார்கள். மூன்று நாள் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினேன். லத்தியை ஓங்காதே, 'டா' போட்டுப் பேசாதே, தொப்பியைக் கழற்றிக் கும்பிடு, யார் எதை நீட்டினாலும் வாங்காதே. எல்லாவற்றையும் ஒழுங்காக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். ஒருவன் மட்டும், "கும்பிட்டா எவன் சார் நம்மள மதிப்பான்?" என்று கேட்டான். அவனைத் திட்டித் தீர்த்தேன்.

அந்த வாரமே மலையிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். சந்தைக்குப் புளி கொண்டுபோன அவள் புருஷனை ஒரு வியாபாரி அடித்துக் கையை உடைத்திருந்தான். அடிபட்டவன் வாக்குமூலம் கொடுத்தால்தான் வழக்கு நிற்கும். அவனோ ஸ்டேஷன் பக்கமே வரமாட்டேன் என்று வீட்டில் கிடந்தான். "நானே வர்றேன்மா, அவருக்கு ஒண்ணும் ஆவாது" என்று வாக்குக் கொடுத்தேன். பாடமும் ஆயிற்று, வேலையும் ஆயிற்று என்று மறுநாள் நால்வரையும் கூட்டிக்கொண்டு மலையேறினேன்.

ஊர் எல்லையிலேயே ஊர்க்கவுண்டர் நின்றிருந்தார், கையில் கால் கட்டிய கோழியோடு. எங்களைக் கண்டதும் அதை நீட்டினார். நால்வரும் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டு, "வேணாங்க ஐயா" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கவுண்டருக்கோ முகம் வெளுத்துவிட்டது. திரும்பி ஊரைப் பார்த்து ஒரு கத்தல். களத்தில் சாமை அடித்துக்கொண்டிருந்த ஆண்கள் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

புகார் கொடுத்த பெண் தலைதெறிக்க வந்தாள்.

"இன்னா சார் இப்டி பண்ணிட்டீங்க? காக்கி வந்தா கோழிய வாங்கினு போய்டும். வாங்கலன்னா ஆளப் புடிக்க வந்துகீதுன்னு அர்த்தம். ஒடஞ்ச கையோட அவரு காட்டுக்குள்ள ஓடிட்டாரு!"

எனக்கு முன்னால் அந்த மலையேறிய காக்கிகள் என்னைவிட நன்றாகவே பாடம் நடத்தியிருந்தார்கள். எரிச்சல் தலைக்கேறியது. ஆனால் அவனில்லாமல் வழக்கு இல்லை. என் நான்கு மாணவர்கள் பார்க்கப் பார்க்கக் கோழியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். ஒருவன் நோட்டைத் திறந்தான்.

"மூட்றா அத!" என்றேன்.

கவுண்டர் மறுபடி குரல் கொடுத்தார். ஒவ்வொருவராகக் காட்டிலிருந்து வெளியே வந்தார்கள். கடைசியாக வந்தவன் வலது கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருந்தான். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான். எழுதியதைப் படித்துக் காட்டினேன். இது உன் புகார், வழக்கு வியாபாரி மேல்தான் என்று இரண்டு தரம் விளக்கினேன். தலையாட்டிவிட்டு இடது பெருவிரலை மையில் தொட்டு உருட்டினான்.

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே மனைவியிடம், "மழ வர்றதுக்குள்ள சாமைய வூட்டுக்குள்ள எடுத்துப் போட்டுடு" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"எத்தினி நாளு உள்ள இருக்கணுங்க?"