மாம்பழ கஸ்டர்ட் பழுத்த கதை

வேப் தண்ணி, அதான் கரண்டு சிகரெட்டுல ஊத்தி இழுக்குற ருசித் தண்ணி, அதக் கலக்குற தொழில்ல கை மட்டுந்தான் நம்மளது. ருசி அதுக்கா மனசு வந்தாத்தான் வரும். இதுல மாட்டி முழிக்கிறவங்க எல்லாம் கிட்ட வாங்க, சேர்ந்தே அழுவோம். மாத்தளை டவுன்ல என் மச்சானோட போன் கடையில என் போத்தல் அடுக்க ஒரே ஒரு அலமாரித் தட்டு. "இந்த மாம்பழ கஸ்டர்டும் சரிவரல்லன்னா தட்டுல போன் கவர் அடுக்கிருவேன்"னு மச்சான் சொல்லிட்டாரு.

சவுக்காரம்

கலந்த அன்னிக்கே, எப்பவும் என்கிட்ட வாங்குற கலேவெல லொறிக்கார நானா வந்துட்டாரு. பேசினா தொண்டையில சரளக்கல்லு உருளும். "இது ஊறணும் நானா. கஸ்டர்ட் ருசி எழும்ப கெழமக் கணக்குல ஆகும்"னேன். கேட்டாத்தானே! ஒரே இழுப்பு, கண்ணு ரெண்டும் வெளிய வந்துருச்சு. சரளக்கல்லு உருண்டுச்சு: "மாம்பழத்த சவுக்காரம் போட்டுக் கழுவுறியா, சரி. அலசாமயே தருவியா தம்பி?"

புகை

மச்சான் வீட்டுல காலங்காலமா வாழக்கொல யாவாரம். காய வைக்கோலால மூடி, புகை போட்டுத்தான் பழுக்க வைப்பாங்க. அவருக்கு ஊறுறதும் பழுக்குறதும் ஒண்ணு. நான் ஜும்மாவுக்குப் போன நேரம் பாத்து, பாதித் தண்ணிய வேற போத்தல்ல ஊத்தி, வாழக்கொலையோட வச்சுட்டாரு. புகை உள்ள போகட்டும்னு மூடியையும் தொறந்து விட்டிருக்காரு, புண்ணியவான்!

எடுத்துப் பாத்தா ப்ளேன்டீ நெறம். மோந்தா, தென்னமட்ட எரிஞ்ச அடுப்பு. நான் தலையில கைய வச்சுட்டு ஒக்காந்துட்டேன். அவரு கொஞ்சங்கூட அசரல்ல: "வாழக்காயே கம்முனு பழுக்குது, ஒன்னோட தண்ணிக்கு மட்டும் என்னடா பெருமை?"

கஸ்டர்ட் வந்துச்சு

மிச்சப் பாதிய இருட்டு அலமாரில பூட்டி, சாவிய இடுப்புலயே வச்சிருந்தேன். பொறுத்தேன், பொறுத்தேன், ஒரு நாள் தொறந்தா, அடடா! பாலு, முட்ட, வெனிலா, எல்லாம் கொழைஞ்சு எழும்பி நிக்குது. எனக்குக் கண்ணீரே வந்துருச்சு. லொறிக்கார நானாவக் கூப்பிட்டேன். அவரு இழுத்தாரு, கண்ண மூடினாரு, சிரிச்சாரு. நான் மச்சானப் பாத்து நெஞ்ச நிமித்தினேன்.

நானா மறுபடி இழுத்தாரு. நெத்தி சுருங்கிச்சு. மூணாவது இழுப்புல நாக்கால பல்லெல்லாம் தொழாவினாரு. கஸ்டர்ட் பழுக்குற வரைக்கும் மாம்பழம் காத்துக்கிட்டு இருக்கல்ல, கொஞ்சங்கொஞ்சமா மங்கி மங்கிப் போயே போயிருச்சு. மச்சான் போன் கவர் பெட்டிய இழுத்து டேப்பக் கிழிச்சாரு. நானா பாவம், என் தோள்ல கைய வச்சுக் கேட்டாரு: "கஸ்டர்ட் சோக்கா இருக்கு தம்பி, மாம்பழம் எந்த பஸ் ஹோல்ட்ல எறங்குச்சு?"

மாம்பழமும் கஸ்டர்டும் ஒண்ணா இருந்த ஒரு நாள் நடுவுல கட்டாயம் வந்துதான் போயிருக்கும், அன்னிக்கு நான் யட்டவத்த பக்கம் ஏதோ கல்யாண வீட்டுல சோறு தின்னுக்கிட்டு இருந்திருப்பேன்.